ஈரச் சாக்கு

கிட்ட வந்து உக்காருங்க தம்பி. அங்கேயே நின்னா நான் கத்திப் பேசணும், கத்தினா ஆடு மிரளும். இந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்காதீங்க. நேத்துத்தான் கண்ணுல புரை எடுத்தாங்க. காலையில கட்டை அவிழ்த்தாங்க, பால் ஜீப்புல ஏத்தி விட்டான் என் மகன். இப்பத்தான் வந்து இறங்கினேன். வாயில இன்னும் தண்ணிகூட ஊத்தலை, அதுக்குள்ள நீங்க வந்து நிக்கிறீங்க. புதுசா வந்திருக்கிற காட்டு வாச்சர் தம்பி நீங்கதானே? தெரியுது, தெரியுது. இப்ப எனக்கு எல்லாம் தெரியுது. சட்டையில பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க, அதுகூடத் தெரியுது.

என்ன கேட்டீங்க? இந்தச் சரிவுல புகை எழும்புனதே, யார் போட்டதுன்னு கேட்டீங்க. அவ்வளவுதானே?

நான்தான் போட்டேன்.

உங்களுக்கு முன்னால இருந்தவரும் இதைத்தான் கேட்டார். அவருக்கு முன்னால ஒரு மீசைக்காரர் இருந்தார், அவரும் கேட்டார். எல்லாருக்கும் ஒரே பதில்தான். நான்தான் போட்டேன், நாளைக்கும் போடுவேன். ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா? போங்க. அங்கே போய் உக்காந்தும் இதையேதான் சொல்லுவேன். காடு பத்திக்கும்னு பயமா இருந்தா எந்திரிச்சுப் போய் அந்தத் தகரக் கொட்டகையைப் பாருங்க. சுத்தி ஒரு புல்லு இருக்கா? மண்ணு தெரியச் செதுக்கி வச்சிருக்கு. பக்கத்துலயே தண்ணித் தொட்டி. ஒரு பொறி வெளியே போனா என் பேரு ஒச்சம்மா இல்லை.

ஏன் போடுறேன்னு கேளுங்க. அதைத்தான் ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறீங்க.

அந்தா, ஓடைக்கு அக்கரையில பாருங்க. பலாமரம், அதுக்குக் கீழே ஓட்டு வீடு. அது என் தங்கச்சி சிவனம்மா வீடு. கைநீட்டினா தொட்டுறலாம் போல இருக்கா? இறங்கி ஏறிப் போனா அரை நாள் ஆகும். மழைக்காலத்துல அதுவும் கிடையாது, ஓடை ஆளை அடிச்சுக்கிட்டுப் போயிரும். அக்காளை இந்தச் சரிவுல கட்டிக் குடுத்தாங்க, தங்கச்சியை அந்தச் சரிவுல கட்டிக் குடுத்தாங்க. பார்த்துக்கிட்டே இருக்கலாம், பக்கத்துல போக முடியாது. அப்படி ஒரு வாழ்க்கை.

அதுலயும் மண்ணு விழுந்தது, என் மகன் காதுகுத்துல.

எங்க ரெண்டு பேருக்கும் கூடப் பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. பிள்ளைக்குக் காது குத்தணும்னா தாய்மாமன் மடி வேணுமில்லையா? பெரியப்பா மகன் ஒருத்தர் இருக்கார், அவருக்கு எங்க வீட்டு மனுசன் வாக்குக் குடுத்துட்டார். தங்கச்சி வீட்டுக்காரர் சும்மா இருக்காம, சின்னையா மகனைக் கூட்டிக்கிட்டு வந்து மணையில உக்கார வச்சுட்டார். ரெண்டு மாமன் வந்தாச்சு, பிள்ளை ஒண்ணு. ஆசாரி ஊசியைக் கையில வச்சுக்கிட்டு, "சீக்கிரம் ஒரு மடியைச் சொல்லுங்கப்பா"ங்கிறார். பிள்ளை கதறுது.

"உம்மை யாருய்யா ஆள் கூட்டிட்டு வரச் சொன்னது?"ன்னார் எங்க வீட்டு மனுசன்.

"சகலைன்னு மதிச்சு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். வாக்குக் குடுக்குற ஆளைப் பாரு, வீட்டுல ஆட்டுக்குட்டிகூட ஒம் பேச்சைக் கேக்காது"ன்னார் அவர்.

அவ்வளவுதான், வேட்டியை மடிச்சுக் கட்டிட்டாங்க. கடைசியில ஆசாரியே பிள்ளையைத் தூக்கித் தன் மடியில வச்சுக் குத்திட்டு, தேங்கா பழத்தை வாங்கிக்கிட்டுப் போயிட்டார். என் மகனுக்கு இன்னைக்குப் பேரன் எடுக்குற வயசு. இன்னமும் ஊருக்குள்ள அவனுக்குப் பேரு ‘ஆசாரி மருமகன்’.

அன்னைக்குச் சாயங்காலம், சொந்தக்காரங்க எல்லாம் சுத்தி நிக்க, எங்க வீட்டு மனுசன் ஒரு கட்டிச் சூடத்தை வெத்தலையில வச்சுப் பத்த வச்சார். "வாயால ஒரு வார்த்தை அவகூடப் பேச மாட்டேன், அவ வாசப்படியில கால் வைக்க மாட்டேன்னு சொல்லி அணை"ன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் பத்துது. கூடப் பிறந்தவளோட பேசாதேன்னு சொல்ல நீ யாருன்னு கேக்க நாக்கு துடிக்குது. இத்தனை பேர் நிக்கிறாங்களே.

"வாயாலயா?"ன்னேன்.

"வாயாலதான்"ன்னார்.

"வாயால ஒரு வார்த்தை பேச மாட்டேன், வாசப்படி மிதிக்க மாட்டேன்"ன்னு சொல்லி, உள்ளங்கையை வச்சு அமுக்கினேன். சுட்டது. கையை எடுக்கலை. விரல் இடுக்கு வழியா புகை ஒரு கோடா மேலே போச்சு. அதைப் பார்த்தேன் தம்பி, பார்த்ததும் எனக்குப் புத்தி வந்துருச்சு. அடேய், வாயைத்தானடா கட்டினீங்க!

நாங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையில ஆடு மேய்ச்சவளுக. அவ ஒரு மேட்டுல, நான் ஒரு மேட்டுல. யானை இறங்கினா பெரியவங்க புகை போட்டு அடுத்த சரிவுக்குச் சொல்லுவாங்க, அதைப் பார்த்துப் பார்த்து நாங்களும் பழகிட்டோம். கங்கு மேல பச்சை உண்ணிச்செடியைப் போட்டா வெள்ளையா, தடியா எழும்பும். அப்படியே நின்னா, நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். ஈரச் சாக்கைப் போட்டு மூடி மூடித் திறந்தா துண்டு துண்டாப் போகும். அப்படின்னா, ஓடைக்கு வா. ரெண்டு அடுப்பு பக்கத்துல பக்கத்துல எரிஞ்சா நல்ல சேதி. காலையில புகையே காணோம்னா? எதை விட்டாவது ஓடி வரணும். அது எங்களுக்குள்ள கட்டளை. விளையாட்டாச் சொன்னதுதான், ஆனா ஒரு நாளும் மீறினதில்லை.

மறுநாள் காலையில இந்தக் கொட்டகை இருக்கிற இடத்துல கங்கை அள்ளிப் போட்டு, மேல பச்சைக் குழையைப் போட்டேன். அவளுக்கு நினைவு இருக்குமோ இருக்காதோ. கொஞ்ச நேரத்துல பலாமரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பதில் எழும்புச்சு பாருங்க! நான் அழுதேன், சிரிச்சேன், ஆட்டுக்குத் தண்ணி வைக்க மறந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஓடைக்குத் துணி துவைக்கப் போவோம். நான் இக்கரையில, அவ அக்கரையில. ஒரு வார்த்தை பேசமாட்டோம். கையை ஆட்டுவோம், முகத்தைக் கோணுவோம். மாமியார் நடக்கிற மாதிரி அவ நடந்து காட்டுவா, நான் கல்லு மேல விழுந்து சிரிப்பேன். கொழம்புச் சட்டியைப் பாறை மேல வச்சிட்டுத் தள்ளி நிப்பேன், அவ வந்து எடுத்துக்கிட்டு அவ சட்டியை வச்சிட்டுப் போவா. சத்தியம் சத்தியமா இருந்தது. எவனாவது குத்தம் சொல்ல முடியுமா?

எங்க வீட்டு மனுசனுக்குத் தெரியுமான்னுதானே பார்க்குறீங்க? அந்தா, ஆட்டுக்குக் குழை ஒடிச்சுக்கிட்டு இருக்காரே, அவர்தான். ஒண்ணும் தெரியாது. இப்பக் காது மந்தம், அப்ப புத்தி மந்தம். நல்ல மனுசன், சூதுவாது கிடையாது, ஆனா கூறு பத்தாது.

முதல் நாளே, "என்ன புகை?"ன்னு கேட்டார்.

"கொசு"ன்னேன்.

இந்த உசரத்துல, இந்தக் காத்துல கொசு ஏது? யோசிக்கத் தெரியணுமில்ல? "ஆமா, கொசு சாஸ்திதான்"னு காலைச் சொறிஞ்சுக்கிட்டே போயிட்டார்.

விறகு வெட்டிட்டு வாங்கன்னா, பாதி காஞ்சது இருக்கும், பாதி பச்சை உண்ணிச்செடி. "இது அடுப்புக்கு ஆகுமா? கண்ணு அவிஞ்சு போகாதா?"ன்னு நான் திட்டாத நாள் கிடையாது. திரும்பவும் அதையேதான் வெட்டிட்டு வந்து போடுவார். எனக்கென்ன, நல்லதாப் போச்சு, நான் குழை தேடி அலைய வேண்டியதில்லை. மழைக்கு முன்னால, ஆட்டுக்குக் கொட்டகை போடுறேன்னு தகரம் சுமந்துக்கிட்டு வந்தார். எங்கே போட்டார் தெரியுமா? நான் புகை போடுற இடத்துல, ஓடையைப் பார்த்தபடி, காத்து அடிக்கிற விளிம்புல. ஆடு அங்கே ஒரு நாள் படுத்திருக்குமா? எட்டிக்கூடப் பார்க்கலை. "ஆட்டுக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இல்லையே"ன்னேன். "சரி, நனையாம இருக்கட்டும்"ன்னார். எது நனையாம இருக்கணும்னு அவருக்கே தெரியாது. என் கங்கு நனையாம இருந்தது.

சாக்கை மட்டும் நான் ஒளிச்சுத்தான் வச்சேன். தொட்டிக்குப் பின்னால ஒரு கல்லை நகட்டினா பொந்து இருக்கு, அதுக்குள்ள. இத்தனை வருசமா அந்த இடம் எனக்கும் அந்தக் கல்லுக்கும்தான் தெரியும்.

ஒரு கூத்தைக் கேளுங்க. பலா பழுக்குற காலம், யானை இறங்குற காலம். எனக்கு அன்னைக்கு அவளைப் பார்த்தே ஆகணும்னு இருந்தது. சாக்கை எடுத்துப் படபடன்னு மூடித் திறந்தேன். யானைப் புகையும் அதே மாதிரி விட்டு விட்டுத்தான் எழும்பும். ஆத்திரத்துல அது எனக்கு மறந்து போச்சு. இந்தச் சரிவு முழுக்க "யானை, யானை"ன்னு ஒரே கூச்சல். தகரத்தைத் தட்டுறான், பரண்ல ஏறுறான், கீழே ஒரு பொண்ணு பார்க்க வந்த கூட்டம் பலகாரத் தட்டைப் போட்டுட்டு மரத்துல ஏறிருச்சு. மாப்பிள்ளையை இறக்கத்தான் பாடாப் பட்டாங்க. எங்க வீட்டு மனுசனும் பரண்ல ஏறித் தகரத்தைத் தட்டுனவர்தான்.

சாயங்காலம் ஊரு கூடிருச்சு. "எவன் போட்டான், எவ போட்டா, சொல்லுங்க"ன்னு பெரியாளுக குதிக்கிறாங்க. அப்பத்தான் இவர் எந்திரிச்சார். நாலு பேர் நடுவுல வாயே திறக்காத ஆளு.

"யார் போட்டதுன்னு தேடி என்ன ஆகப் போகுது? இனிமே யானைப் புகையை மொட்டைப் பாறையில மட்டும் போடுவோம். வீட்டுப் பக்கம் எழும்புற புகையை எவனும் பார்க்கவும் வேணாம், கேக்கவும் வேணாம். அடுப்புப் புகை இருக்கும், கொசுப் புகை இருக்கும், வீட்டுக்கு ஆயிரம் இருக்கும்"ன்னார்.

எல்லாரும் சரின்னுட்டாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டேன். தன் கையாலயே எனக்கு வழியைத் திறந்து விட்டுட்டு, அதுகூடத் தெரியாம வந்து சோறு போடுன்னு உக்காந்தார் பாருங்க. இப்படி ஒரு ஆளை வச்சுக் குடும்பம் நடத்தினேன் தம்பி.

ஆனா அந்த ஐப்பசியில என் உசிரு போயிட்டு வந்தது.

சிவனம்மா அப்ப நிறைமாசம். ஓடை ரெண்டு கரையும் தொட்டுப் போகுது, ராவும் பகலும் அந்த இரைச்சல்தான். அந்த நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல். முதல் நாள் தவழ்ந்து போய்ப் புகை போட்டுட்டு வந்தேன். அடுத்த நாள் எந்திரிக்க முடியலை. தலையைத் தூக்கினா வீடு சுத்துது.

நான் எனக்காகப் பயப்படலை. காலையில என் புகை இல்லைன்னா அவ இறங்கிருவாளே! வயித்தைத் தூக்கிக்கிட்டு, அந்த வெள்ளத்துல இறங்கிருவா. நில்லுன்னு யார் சொன்னாலும் நிக்க மாட்டா, எங்க ரத்தம் அப்படி. நினைக்க நினைக்க எனக்குக் குளிர் விட்டுப் போச்சு, வேர்த்து ஊத்துது. இவர் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கார், நெத்தியில துணியை நனைச்சுப் போடுறார். "என்ன வேணும், சொல்லு"ங்கிறார். சொல்லலாமா? சொன்னா எல்லாம் போச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். நினைவு தப்புற வரைக்கும் ஒரு வார்த்தை விடலை. தப்பின பிறகும் விட்டிருக்க மாட்டேன், நான் அதுல கெட்டி.

எப்ப நினைவு வந்ததுன்னு தெரியலை. விடிஞ்சிருந்தது. எத்தனையாவது விடியல்னு எனக்குத் தெரியாது. சுவரைப் பிடிச்சுக்கிட்டு வாசலுக்கு வந்து அக்கரையைப் பார்த்தேன்.

பலாமரத்துக்குப் பக்கத்துல ரெண்டு புகை தம்பி. ரெண்டு அடுப்பு. அக்காதங்கச்சி மாதிரி ஒட்டி ஒட்டி மேலே போகுது. பிள்ளை பிறந்திருச்சு! தாயும் நல்லா இருக்கா! நான் அங்கேயே உக்காந்துட்டேன்.

ஓடை வடிஞ்ச பிறகு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தா. "ஏன் இறங்கலை?"ன்னு கையால கேட்டேன். "உன் புகைதான் வந்ததே"ன்னு காட்டுறா. அதுவும் எப்படி? ரெண்டு கையையும் அகல விரிச்சு, கன்னத்தை உப்பி, ‘ஏயப்பா, அந்தச் சரிவே தெரியலை, அம்புட்டுப் புகை’ன்னு காட்டுறா. ஒரு நாளும் தவறலையாம். அவ ரெண்டு அடுப்பு போட்டதுக்குப் பதில் சொல்ற மாதிரி இங்கேயும் ரெண்டு எரிஞ்சதாம்.

நினைவே இல்லை எனக்கு. ஆனா நான்தான் எந்திரிச்சுப் போய்ப் போட்டிருக்கேன். வேற யாரு? உடம்பு விழுந்தாலும் மனசு விழலை பாருங்க! அதுக்குப் பேருதான் வைராக்கியம். பாதி உசிரோட, கண்ணு தெரியாம, சரிவுல நடந்து போய், மழையில கங்கு மூட்டி... இன்னைக்கு நினைச்சாலும் எனக்கே என்னைக் கும்பிடணும் போல இருக்கு.

இந்த மனுசன் என்ன பண்ணினார்னு கேக்குறீங்களா? கஞ்சி வைக்கத் தெரியாம ரெண்டு கையையும் சுட்டுக்கிட்டு, கண்ணு கோவைப்பழமா, இருமிக்கிட்டு உக்காந்திருந்தார். நான் எந்திரிச்சதும் அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"ஆம்பளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா, தெரியலையே"ன்னார்.

"யாருக்கு?"ன்னேன். திக்குன்னு ஆயிருச்சு.

கஞ்சிச் சட்டிப் பக்கம் திரும்பிக்கிட்டார். "ஆட்டுக்கு"ன்னார்.

எங்க ஆடு அப்ப சினையே இல்லை. காய்ச்சல் எனக்கா அவருக்கான்னு ஆகிப் போச்சு.

அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சகலைங்க ரெண்டு பேரும் பல்லு விழுந்தும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. சத்தியத்தை எவரும் திருப்பி வாங்கலை, நானும் கேக்கலை. கேட்டு வாங்குறதுக்கு நான் என்ன பிச்சைக்காரியா? செல்லு இருக்கேன்னு கேப்பீங்க. மகன் ஆளுக்கொண்ணு வாங்கிக் குடுத்திருக்கான். மொட்டைப் பாறையில ஏறி நின்னா கேக்குமாம். ஆனா செல்லுல பேசுறது வாயால பேசுறதுதானே? அப்புறம் நான் சூடம் அணைச்சது என்னத்துக்கு?

நேத்துத்தான் பதறிப் போயிட்டேன். விடியறதுக்கு முன்னாலயே ஜீப்பு வந்துருச்சு, ஏறு ஏறுன்னு ஏத்திட்டாங்க. புகை போட நேரமில்லை. ஆசுபத்திரியில கண்ணுல கட்டோட படுத்துக்கிட்டு, ஐயோ சிவனம்மா ஓடி வந்திருப்பாளே, முட்டி வலியோட அந்தப் பாறையில இறங்கியிருப்பாளேன்னு புரண்டுக்கிட்டே கிடந்தேன். வந்து இறங்கிப் பார்த்தா, அவ புகை நிதானமா நிக்குது. பதட்டமே இல்லை. சரி, அவளுக்கும் வயசாகிப் போச்சு, கவனிச்சிருக்க மாட்டான்னு நினைச்சுக்கிட்டேன்.

என்ன தம்பி? ஏன் அப்படிப் பார்க்குறீங்க?

நேத்துக் காலையிலயும் தெரிஞ்சதா? இங்கேயா? நல்லாப் பார்த்தீங்களா?

இன்னைக்கு எப்ப பார்த்தீங்க? பொழுது கிளம்புறப்பவா. நான் அப்ப ஆசுபத்திரிக் கட்டில்ல...

இருங்க. கொஞ்சம் பேசாம இருங்க.

அவர் எங்கே? ஆட்டுக்கிட்ட இருந்தாரே. அந்தா, கொட்டகைக்குள்ள குனிஞ்சுக்கிட்டு இருக்கார். கங்கை ஊதுறார். குழையைப் போடுறார். கையில என்ன அது? கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்க்கிறேன், இருங்க.

மூடுறார். திறக்கிறார். மூடுறார். திறக்கிறார். துண்டு துண்டாப் போகுது. ‘ஓடைக்கு வா’ன்னு கூப்பிடுறார். நான் வந்துட்டேன்னு, புதுக் கண்ணோட வந்திருக்கேன்னு, வந்து பாருன்னு... எவ்வளவு நிதானமாப் பண்றார் பாருங்க. நான்கூட அப்படிப் பண்ண மாட்டேன்.

"என்னங்க! ஏங்க! அங்கே என்ன பண்றீங்க?"

கேட்டீங்களா அவர் சொன்னதை? "கொசு, ஒச்சம்மா, கொசு"ங்கிறார். காது கேக்குது பாருங்க, வேணும்னா கேக்குது!

தம்பி, யார் போட்டதுன்னு கேட்டீங்கல்ல? ஒச்சம்மா. நேத்துப் போட்டதும் நான்தான், இன்னைக்குப் போட்டதும் நான்தான், இந்தா இப்பக் கண்ணு முன்னால போகுதே, இதுவும் நான் போட்டதுதான். யாரு வேணா வரட்டும், எங்கே வேணா வந்து சொல்றேன். அவரைக் கேக்காதீங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது.

ஒண்ணும் தெரியாதாம். பாருங்க, சாக்கைப் பிழியுறார். உதறி நாலா மடிக்கிறார். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. தொட்டியைச் சுத்திப் பின்னால போறார். குனிஞ்சு, அந்தக் கல்லை நகட்டி, பொந்துக்குள்ள சாக்கைத் திணிச்சு, கல்லைப் பழையபடி மூடிட்டு, ஆட்டைப் பார்க்கப் போறார்.